வி.எஸ்.ராமச்சந்திரன்: கடைசியில் நிற்கப்போவது அந்தக் கண்ணாடி மட்டும்தானா?

மொட்டைமாடிக்காரன் | திங்கள், இரவு 10.12

அப்பாவுக்கு இருபது வருடச் சர்க்கரை. பாதத்தில் வந்த புண் ஆறாமல், வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டி வந்தது. தையல் பிரித்து இரண்டு மாதம் ஆகிறது. காயம் நன்றாகவே ஆறிவிட்டது. தொல்லை வேறு. இல்லாத பாதத்தின் பெருவிரலை யாரோ பின்பக்கமாக முறுக்குகிறார்கள் என்று ராத்திரி ஒரு மணிக்கு எழுந்து உட்காருவார். போர்வைக்கு அடியில் ஒன்றும் இல்லாத இடத்தை அம்மா தடவிக்கொடுப்பார். முதலில் நாங்கள் எல்லோருமே இதை மனப்பிரமை என்றுதான் நினைத்தோம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

வீட்டுக்கு வரும் பிசியோ போன வாரம் பீரோ கதவில் இருந்த கண்ணாடியைக் கழற்றச் சொன்னார். அப்பாவைக் கட்டிலில் உட்காரவைத்து, இரண்டு கால்களுக்கும் நடுவே அதைப் படுக்கவாட்டில் நிறுத்தினார். இடது காலின் பிம்பம் சரியாக வலது கால் இருந்த இடத்தில் தெரிந்தது. "இப்போ ரெண்டு காலையும் மெதுவா மடக்குங்க அப்பா" என்றார். அப்பா ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு அழுதுவிட்டார். மறுநாள் அவரே "கண்ணாடியைக் கொண்டா" என்று கேட்டார்.

இது வி.எஸ்.ராமச்சந்திரன் என்ற மூளை ஆய்வாளர் கண்டுபிடித்த முறை, நம்ம சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர் என்று அந்தப் பிசியோ பெண்தான் சொன்னார். அன்றிலிருந்து அவரைப் பற்றித் தேடிப் படிக்கிறேன். ஒரு பக்கம் மேதை என்கிறார்கள், இன்னொரு பக்கம் மேடைப் பேச்சாளர் என்கிறார்கள். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: அறிவியலில் இந்த மனிதரின் உண்மையான இடம் என்ன?

வெள்ளைக்கோட்டு | திங்கள், இரவு 10.50

நானும் ஸ்டான்லிதான். அதனால் நான் சொல்வதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே வாங்கிக்கொள்ளுங்கள்.

1951இல் பிறந்தவர். அரசியல் சாசன வரைவுக் குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் பேரன். அப்பாவுக்கு ஐ.நா. வேலை என்பதால் பள்ளிப்படிப்பு பாதி சென்னை, பாதி பாங்காக். ஸ்டான்லியில் எம்.பி.பி.எஸ். படிக்கும்போதே பார்வை பற்றிய ஆய்வில் இறங்கிவிட்டார். இரண்டு கண்களின் படங்களை மூளை எப்படி ஒன்றாக்கி ஆழத்தைக் காண்கிறது என்பது பற்றி அவரும் நண்பர்களும் எழுதிய கட்டுரை 1973இல் 'நேச்சர்' இதழில் வந்தது. அந்தக் காலத்து மெட்ராஸில், ஒரு மருத்துவக் கல்லூரி மாணவருக்கு இது என்ன மாதிரி விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். அப்புறம் கேம்பிரிட்ஜ் டிரினிட்டியில் 1978இல் பி.எச்டி., கால்டெக்கில் சில காலம், 1983இல் சான் டியேகோவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்.

பலருக்குத் தெரியாத ஒன்று: மாயக்கை, மாயக்கால் (இழந்த பிறகும் இருப்பதாகவே உணரும் கை, கால்) பக்கம் வருவதற்கு முன் ஏறக்குறைய இருபது வருடம் அவர் முழுக்க முழுக்கப் பார்வை ஆய்வாளர். நிழலை வைத்து வடிவத்தை அறிவது பற்றிய 1988 கட்டுரை இன்றும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. மேல்பக்கம் வெளிச்சமும் கீழ்ப்பக்கம் இருட்டுமாக ஒரு வட்டம் வரைந்தால் அது புடைத்துத் தெரியும். அதே படத்தைத் தலைகீழாகப் பிடித்தால் குழியாகிவிடும். வெளிச்சம் எப்போதும் மேலேயிருந்துதான் வரும் என்று மூளை தானாக முடிவுகட்டி வைத்திருக்கிறது. இதற்கு லட்ச ரூபாய்க் கருவி வேண்டாம், பென்சில் போதும். அவர் பாணியே அதுதான்.

சந்தேகப்பிராணி | திங்கள், இரவு 11.31

ஊர்க்காரர் என்றவுடன் மாலை போடுவது நம் வழக்கம். கணக்கைச் சரியாகப் பார்ப்போம்.

மாய உறுப்பை அவர் கண்டுபிடிக்கவில்லை. பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்புரோஸ் பாரே 16ஆம் நூற்றாண்டிலேயே எழுதியிருக்கிறார். அந்தப் பெயரைப் பரப்பியவர் அமெரிக்க உள்நாட்டுப் போரில் கை கால் இழந்தவர்களுக்குச் சிகிச்சை பார்த்த வியர் மிச்சல். உடலின் எந்தப் பகுதிக்கு மூளையில் எந்த இடம் என்ற வரைபடம் மாறும் என்பதைக் குரங்குகளில் காட்டியவர்கள் மெர்செனிக்கும் பான்ஸும். கண்ணாடி நியூரான்கள், அதாவது நாம் ஒன்றைச் செய்தாலும் அடுத்தவர் செய்வதைப் பார்த்தாலும் துடிக்கும் மூளைச் செல்கள், இத்தாலியின் பார்மாவில் ரிசொலாட்டி குழு கண்டது. எந்த ஒலி எந்த வடிவத்துக்குப் பொருந்தும் என்று கேட்கும் 'பூபா - கீகீ' விளையாட்டு 1929இல் கோலர் செய்ததற்குப் புதுப் பெயர். கறுப்பு எழுத்தும் நிறமாகத் தெரிகிறவர்களைப் பற்றி கால்டன் 1880இல் எழுதிவிட்டார்.

அவர் செய்தது? எல்லாவற்றையும் எடுத்து அழகாகக் கதை சொன்னார். 2003இல் பிபிசி ரீத் சொற்பொழிவு, 2007இல் பத்மபூஷண். கதைசொல்லிக்குக் கொடுக்கவேண்டிய பரிசுகள்தான், நான் மறுக்கவில்லை. கண்ணாடி மட்டும் அவருடையது.

கடைசிபெஞ்ச் | திங்கள், இரவு 11.40

சந்தேகம் அண்ணே, அந்தக் கணக்கில் பார்த்தால் இட்லியைக் கண்டுபிடித்தவருக்கும் ஒன்றும் மிஞ்சாது. அரிசியும் உளுந்தும் முன்னாடியே இருந்ததுதானே.

ஆய்வகஎலி | செவ்வாய், அதிகாலை 2.05

இந்தத் துறையில்தான் பி.எச்டி. செய்கிறேன், தூக்கம் வரவில்லை, அதனால் நீளமாக எழுதுகிறேன்.

சந்தேகப்பிராணி சொன்ன தேதிகள் எல்லாம் சரி. ஆனால் 1991, 92இல் நடந்ததை அவர் ஒரே வரியில் தாண்டிவிட்டார். பான்ஸ் குழு பார்த்த குரங்குகளுக்குக் கையிலிருந்து தண்டுவடத்துக்குப் போகும் உணர்வு நரம்புகள் பன்னிரண்டு வருடம் முன்பு வெட்டப்பட்டிருந்தன. மூளையில் கைக்கு உரிய பகுதி சும்மாதான் கிடக்கும் என்று எதிர்பார்த்தார்கள். குரங்கின் முகத்தைத் தொட்டால் அந்தப் பகுதி துடித்தது. மனித மூளையிலும் முகத்துக்கான இடமும் கைக்கான இடமும் அடுத்தடுத்த வீடு என்று நரம்பு அறுவை மருத்துவர் பென்ஃபீல்டின் வரைபடத்திலிருந்து முன்பே தெரியும். இந்தக் கட்டுரையை அன்றைக்கு நூற்றுக்கணக்கானவர்கள் படித்திருப்பார்கள். "அப்படியானால் கை இழந்த மனிதனின் கன்னத்தைத் தொட்டால் என்ன ஆகும்?" என்று கேட்டுவிட்டுக் காது குடையும் பஞ்சுக்குச்சியோடு கிளம்பியவர் ராமச்சந்திரன்.

கை போய் நான்கே வாரம் ஆன பதினேழு வயதுப் பையன். கண்ணைக் கட்டிவிட்டுக் கன்னத்தில் தொட்டால், கன்னத்திலும் தெரிகிறது, இல்லாத கட்டைவிரலிலும் தெரிகிறது என்கிறான். மேலுதட்டில் தொட்டால் ஆள்காட்டி விரல். கன்னத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வழிந்தால், மாயக்கையிலும் தண்ணீர் வழிகிறது. வளர்ந்த மனிதனின் மூளை உறைந்துபோன சிமெண்ட் அல்ல என்று பொதுமக்களுக்கு மட்டுமில்லை, நரம்பு மருத்துவர்களுக்கே உறைத்தது இந்த மாதிரி ஆட்களைப் பார்த்துத்தான். 1995இல் ஃப்ளோர் குழு, இந்த வரைபட மாற்றம் எவ்வளவு அதிகமோ வலியும் அவ்வளவு அதிகம் என்று காட்டியது. கதை கச்சிதமாக முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

முடியவில்லை. 2013இல் தமார் மேக்கின் குழு, கை இழந்தவர்களை, மூளையில் எந்த இடம் வேலை செய்கிறது என்று காட்டும் எஃப்.எம்.ஆர்.ஐ. ஸ்கேனரில் படுக்கவைத்து மாயவிரல்களை அசைக்கச் சொன்னது. மூளையில் கைக்குரிய இடம் கைக்கே வேலை செய்துகொண்டிருந்தது. வலி அதிகம் உள்ளவர்களிடம் அது இன்னும் நன்றாகவே பாதுகாக்கப்பட்டிருந்தது. ஃப்ளோர் சொன்னதற்கு நேர் எதிர். 2025இல் இன்னும் ஒரு படி. கை எடுக்கப்படும் முன்பே மூன்று பேரை ஸ்கேன் செய்து, எடுத்த பிறகும் வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். முன்பிருந்த கை வரைபடம் அப்படியே இருந்தது. உதடு பக்கத்து வீட்டை ஆக்கிரமிக்கவே இல்லை.

ஆக, பையன் சொன்னது உண்மை. அதற்குச் சொன்ன காரணம், அதாவது வீடு காலியானதும் பக்கத்து வீட்டுக்காரன் குடியேறிவிட்டான் என்பது, இன்று மிகவும் ஆட்டம் கண்டிருக்கிறது. நியாயமாக ஒன்று சொல்லவேண்டும்: நான்கு வாரத்தில் புது நரம்பு முளைக்காது, முன்பே இருந்து மறைந்து கிடந்த இணைப்புகள் வெளியே வந்திருக்கலாம் என்று அவரே அப்போது எழுதினார். மேடையில் சுருக்கிச் சொல்லும்போதுதான் அந்த 'லாம்' காணாமல் போனது.

வெள்ளைக்கோட்டு | செவ்வாய், காலை 7.15

எலி, அருமை. எதிர் எதிரான முடிவுகள் வருகின்றன என்றால் கேள்வி உயிரோடு இருக்கிறது என்றுதான் அர்த்தம். முப்பது வருடம் ஒரு துறைக்குச் சண்டை போட விஷயம் கொடுத்திருக்கிறார். அதுவும் தாக்கம்தானே?

சந்தேகப்பிராணி | செவ்வாய், காலை 8.02

அப்படிச் சொன்னால் தப்பு செய்த எல்லோருக்கும் தாக்கம் உண்டு.

பிசியோ_பெட்டி | செவ்வாய், மதியம் 1.20

சாப்பாட்டு இடைவேளையில் எழுதுகிறேன், பிழை பொறுக்கவும். பதினோரு வருடமாகக் கண்ணாடியோடு குப்பை கொட்டுகிறேன்.

மொட்டைமாடி தம்பி, உங்கள் அப்பா முதல் நாள் அழுதது பற்றிக் கவலைப்படவேண்டாம். அமெரிக்காவில் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் கால் இழந்த 22 பேரை வைத்து ஒரு சோதனை செய்து 2007இல் வெளியிட்டார்கள். ஒரு குழுவுக்குக் கண்ணாடி, ஒரு குழுவுக்குத் துணி போர்த்திய கண்ணாடி, ஒரு குழு கண்ணை மூடி மனதுக்குள்ளேயே காலை அசைக்கவேண்டும். தினம் 15 நிமிடம், நாலு வாரம். கடைசிவரை இருந்தவர்கள் 18 பேர், குழுவுக்கு ஆறு. கண்ணாடி பார்த்த ஆறு பேருக்கும் வலி குறைந்தது. துணி போர்த்திய குழுவில் ஒருவருக்குக் குறைந்தது, மூன்று பேருக்குக் கூடியது. மனதால் அசைத்தவர்களில் இரண்டு பேருக்குக் குறைந்தது, நாலு பேருக்குக் கூடியது. அந்தக் கட்டுரையிலேயே ஒரு சின்னக் குறிப்பு இருக்கும்: முழுக்காலைக் கண்ணாடியில் பார்த்ததும் இரண்டு பேர் சில நொடி துக்கப்பட்டார்கள் என்று. அத்தனை பெரிய இதழில் அந்த வரியைச் சேர்த்தவருக்கு ஒரு கும்பிடு.

ஆறு பேர் என்பது ரொம்பச் சின்ன எண்ணிக்கை. எனக்கும் தெரியும். என் அனுபவத்தில் சிலருக்கு நன்றாகக் கேட்கிறது, சிலருக்குத் தலைசுற்றல்தான் மிச்சம், சிலர் இரண்டு நாளில் "இதெல்லாம் வேடிக்கைம்மா" என்று விட்டுவிடுகிறார்கள். மாயக்கால் அசைக்கவே முடியாமல் இறுகி முறுக்கிக்கொண்டிருக்கிறது என்பவர்களுக்குப் பலன் அதிகம் என்று எனக்குத் தோன்றும். அது என் கை அனுபவம், ஆராய்ச்சி இல்லை.

ஆய்வகஎலி | செவ்வாய், மதியம் 1.48

டாக்டரம்மா, நீங்கள் கடைசியில் சொன்னதுதான் அவருடைய ஆரம்ப யோசனையே. கை வெட்டப்படும் முன்பே நரம்பு அறுந்து பல மாதம் செயலிழந்து தொங்கியவர்களுக்கு மாயக்கையும் செயலிழந்தே இருந்தது. "அசை" என்று மூளை கட்டளை போடும், "அசையவில்லை" என்று கண் திரும்பத் திரும்பச் சொல்லும். மூளை அதைப் பாடமாகவே படித்துவிடுகிறது. 'கற்ற வாதம்', அதாவது மூளை கற்றுக்கொண்ட செயலிழப்பு என்றார். சரி, கண்ணையே ஏமாற்றி "அசைகிறது" என்று சொல்லவைத்தால்? மேல்மூடி இல்லாத ஓர் அட்டைப்பெட்டி, நடுவில் நெட்டுக்குத்தாக ஒரு கண்ணாடி. அவ்வளவுதான். 1990களின் நடுவில், மனைவி டயான் ரோஜர்ஸ்-ராமச்சந்திரனும் சேர்ந்து எழுதிய கட்டுரைகளில் இது வந்தது. வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சில வாரம் பயிற்சி செய்த ஒருவர், கையே மறைந்துவிட்டது, விரல்கள் மட்டும் தோளிலிருந்து தொங்குகின்றன, முழங்கை வலி போய்விட்டது என்று போனில் சொன்னாராம். மாய உறுப்பை வெட்டியெடுத்த முதல் அறுவை சிகிச்சை என்று ராமச்சந்திரன் அதைக் கிண்டலாகச் சொல்வார்.

பிசியோ_பெட்டி | செவ்வாய், இரவு 9.10

நான் டாக்டர் இல்லைப்பா, பிசியோ. ஆனால் மரியாதைக்கு நன்றி.

ஒன்றை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். என் டிபார்ட்மெண்டில் கண்ணாடி அதிகம் உழைப்பது கால் போனவர்களுக்கு இல்லை, பக்கவாதம் வந்தவர்களுக்கு. 1999இல் 'லான்செட்'டில் ஒன்பது நோயாளிகளை வைத்து ஒரு சின்னக் கட்டுரை வந்தது, அதிலும் ராமச்சந்திரன் பெயர் உண்டு. கை வராதவர் நல்ல கையின் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டே இரண்டு கையையும் அசைக்க முயலவேண்டும். அந்த ஒன்பது பேரிலிருந்து எங்கே வந்து நிற்கிறோம் தெரியுமா? பல ஆய்வுகளின் முடிவுகளைத் திரட்டி எடைபோடும் 2018 காக்ரேன் தொகுப்பில் 62 ஆய்வுகள், 1,982 பேர். கை கால் இயக்கத்தில் முன்னேற்றம் உண்டு, சான்று நடுத்தரத் தரம் என்று முடிவு. எங்கள் தொழிலில் 'நடுத்தரம்' என்பதே பெரிய பாராட்டு.

இந்த 62 ஆய்வில் பெரும்பாலானதில் அவர் கை இல்லை. விதை போட்டவர் வேறு வயலுக்குப் போய்விட்டார், தண்ணீர் பாய்ச்சியவர்கள் வேறு ஆட்கள்.

வன்னிமரம் | செவ்வாய், இரவு 10.33

இழையை இரண்டு நாளாய் வாசித்துக்கொண்டிருக்கிறேன். என்ரை சித்தப்பாவுக்கு மிதிவெடியில் இடது கால் போனது. இருபது வருடத்துக்கு மேலாகிறது. பொய்க்காலோடு சைக்கிளும் ஓடுவார், தோட்டமும் செய்வார். ஆனால் மழைக்காலம் வந்தால் குதிக்காலில் ஆணி அடிக்கிற மாதிரி என்று இரவிரவாக முனகுவார். இல்லாத குதிக்கால். எங்கடை பக்கம் இப்படி எத்தனையோ பேர். போரில் போன காலைப் பற்றிக் கதைப்பார்கள், அந்தக் காலில் இப்பவும் நோகுது என்று வெளியில் சொல்லமாட்டார்கள். சொன்னால் பைத்தியம் என்று நினைப்பார்கள் என்ற பயம்.

கால் இழந்த கனடாக்காரர் ஒருவர் கம்போடியாவில் சைக்கிளில் கண்ணாடிகளைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் மிதிவெடியில் கால் போனவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார் என்று வாசித்திருக்கிறேன். மருந்துக்குக் காசில்லாத இடத்தில் ஒரு கண்ணாடி. இதைச் செய்த மனிதர் மேதையா இல்லையா என்று நீங்கள் ஆறுதலாக முடிவெடுங்கோ. இவ்வளவு காலத்துக்குப் பிறகும் பலன் இருக்குமா என்று மட்டும் பிசியோ அக்கா சொல்லுங்கோ.

பிசியோ_பெட்டி | செவ்வாய், இரவு 10.58

தம்பி, உறுதி தரமாட்டேன். ராமச்சந்திரனின் ஆரம்ப நோயாளிகளிலேயே கை போய்ப் பத்து வருடம் ஆனவர் உண்டு, அதனால் முயற்சி செய்து பார்க்கலாம். ஒருமுறை அங்குள்ள மருத்துவரிடம் வெட்டுப்பட்ட காலின் முனையைக் காட்டிவிடுங்கள். நரம்பு முடிச்சு, பொய்க்கால் அழுத்தம் இதெல்லாமும் இதே மாதிரி வலி தரும். அதற்குக் கண்ணாடி உதவாது.

நீலப்பலூன் | புதன், காலை 11.05

கண்ணாடியைப் பற்றி எல்லோரும் நெகிழ்கிறீர்கள். எனக்கு அவர் பெயரைக் கேட்டால் வேறு ஞாபகம் வருகிறது.

என் மகனுக்கு ஆட்டிசம். அவனுக்கு நான்கு வயதில் ஒரு தெரபி நிலையத்தில், "உங்கள் பிள்ளைக்குக் கண்ணாடி நியூரான்கள் உடைந்திருக்கின்றன, அதனால்தான் மற்றவர்கள் உணர்வு புரியவில்லை" என்று படம் போட்டு விளக்கினார்கள். அதைச் 'சரிசெய்ய' ஒரு பயிற்சித் தொகுப்பு, அதற்கு ஒரு கட்டணம். ஆறு மாதம் கட்டினோம். என் மகனோ ஆட்டோ ஹாரனிலிருந்து தாத்தாவின் இருமல்வரை அச்சு அசலாகச் செய்வான். நான் அழுதால் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து மடியில் வைப்பான். உடைந்தது எங்கே என்று எனக்கு அப்போதே சந்தேகம்.

ஆய்வகஎலி | புதன், மாலை 6.40

அக்கா, உங்கள் சந்தேகம் சரியானது.

2000இல் அவர் ஒரு கட்டுரையில், உயிரியலுக்கு டி.என்.ஏ. செய்ததை உளவியலுக்குக் கண்ணாடி நியூரான்கள் செய்யும் என்று ஆரூடம் சொன்னார். அதுவரை குரங்கின் மூளையில் சில செல்களில் மட்டும் பார்த்த விஷயம் அது. மனிதரில் ஒற்றைச் செல் அளவில் பதிவு வந்ததே 2010இல்தான். பிறகு மொழி, பண்பாடு, பரிவு எல்லாவற்றுக்கும் அதையே காரணமாக்கினார். 'காந்தி நியூரான்கள்' என்றுகூட ஒரு பெயர் வைத்தார்.

ஆட்டிசம் விஷயம் 2005இல். நாம் கையை அசைத்தாலும், அடுத்தவர் அசைப்பதைப் பார்த்தாலும், மூளையில் மியூ என்ற ஓர் அலை தணியும். ஆட்டிசம் உள்ள பத்துப் பேரிடம், பார்க்கும்போது அது தணியவில்லை என்று அவரும் லின்ட்சே ஓபர்மனும் எழுதினார்கள். அடுத்த ஆண்டே ஒரு பிரபல இதழில் 'உடைந்த கண்ணாடிகள்' என்ற தலைப்பில் உலகம் முழுக்கப் போனது. பத்துப் பேரிலிருந்து ஒரு முழு நோய்க்கான கோட்பாடு. 2008இல் சவுத்கேட்டும் ஹாமில்டனும் அதே தலைப்பைத் திருப்பி 'உடையாத கண்ணாடிகள்' என்று மறுப்பு எழுதினார்கள். 2010இல் டின்ஸ்டைன் குழு ஸ்கேனில் பார்த்தபோது, ஆட்டிசம் உள்ளவர்களின் இயக்கப் பகுதிகள் மற்றவர்கள் மாதிரியே வேலை செய்தன. ஹிக்கோக் 2014இல் கண்ணாடி நியூரான் கட்டுக்கதை என்று புத்தகமே போட்டார். இன்று அந்தக் கோட்பாட்டை அதன் பழைய வடிவத்தில் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் மிகக் குறைவு.

வெள்ளைக்கோட்டு | புதன், இரவு 8.22

நீலப்பலூன் அம்மா, உங்கள் கோபத்தின் முன் வாதாடத் தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் ஒன்று. அவர் கருதுகோள் என்றுதான் எழுதினார். அதைப் படம் போட்டு விற்றது வேறு ஆட்கள்.

நீலப்பலூன் | புதன், இரவு 8.45

டாக்டர், டி.என்.ஏ. அளவுக்குப் பெரிது என்று மேடையில் சொல்கிறவருக்குத் தன் சொல் எவ்வளவு தூரம் போகும் என்று தெரியும். 'கருதுகோள்' என்ற வார்த்தை கட்டுரைக்குள்ளேயே தங்கிவிடுகிறது, 'உடைந்த' என்ற வார்த்தை எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது.

சந்தேகப்பிராணி | புதன், இரவு 9.00

இதற்கு மேல் நான் சேர்க்க ஒன்றுமில்லை.

கல்லும்_செம்பும் | புதன், இரவு 11.17

இழை சூடாகிவிட்டது, நான் கொஞ்சம் திசை திருப்புகிறேன். நான் சிலை பார்க்கிறவன்.

1999இல் அவரும் வில்லியம் ஹிர்ஸ்டைனும் கலையின் அறிவியல் என்று ஒரு கட்டுரை எழுதினார்கள். அதில் சோழர் காலச் செப்புப் பார்வதி வருகிறாள். கடற்புள் குஞ்சு தாயின் அலகில் உள்ள சிவப்புப் பொட்டைக் கொத்தும். விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த டின்பர்கன் ஒரு சிவப்புக் குச்சியில் மூன்று வெள்ளைக் கோடு போட்டுக் காட்டினால் தாயின் அலகைவிட ஆவேசமாகக் கொத்தும். மிகைப்படுத்தினால் மூளை அதிகம் மகிழ்கிறது. சிற்பி பார்வதியின் இடையையும் வளைவையும் மிகைப்படுத்தியது அதே தந்திரம் என்கிறார்.

தஞ்சாவூர் கலைக்கூடத்தில் அந்த மாதிரிச் சிலை முன்னால் அரைமணி நேரம் நின்றிருக்கிறேன். என்னைப் பிடித்து வைத்தது இடை இல்லை, பூவைப் பிடிக்க மடங்கிய அந்த விரல்கள், அந்த நிதானம். கடற்புள் குஞ்சை வைத்து அதை விளக்கமுடியாது. ஆனால் விக்டோரியா கால ஆங்கிலேயர்கள் விகாரம் என்று ஒதுக்கிய உடல்களை, 'இல்லை, இந்தச் சிற்பிக்கு மூளை எப்படிப் பார்க்கிறது என்று தெரிந்திருந்தது' என்று மேல்நாட்டு மேடையில் ஒருவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. அறிவியலாக அரைகுறை, ரசனையாக நல்லது.

கடைசிபெஞ்ச் | வியாழன், காலை 9.30

நேற்று வீட்டில் ஒரு சோதனை. ஒரு பேப்பரில் பலூன் மாதிரி கொழகொழ வடிவம், இன்னொன்றில் உடைந்த கண்ணாடிச் சில்லு மாதிரிக் கூர் வடிவம். ஒன்றின் பெயர் பூபா, ஒன்று கீகீ, எது எது என்று கேட்டேன். அம்மா, தங்கை, பக்கத்து வீட்டு மாமி, மூன்று பேருமே கொழகொழதான் பூபா என்றார்கள். பாட்டி மட்டும் "ரெண்டுக்கும் நல்ல பேரா வைடா" என்றார்.

ஆய்வகஎலி | வியாழன், காலை 10.12

பாட்டிக்கு என் ஆய்வகத்தில் இடம் உண்டு.

இதில் தமிழுக்கு ஒரு சுவையான பங்கு இருக்கிறது. 2001 கட்டுரையில் ராமச்சந்திரனும் எட்வர்ட் ஹப்பர்டும் அமெரிக்க மாணவர்களிடமும் தமிழ் பேசுகிறவர்களிடமும் 95 சதவீதத்துக்கு மேல் ஒரே பதில் என்றார்கள். ஆங்கிலத்தில் கே எழுத்தே கூர், பி எழுத்தே உருண்டை, அதனால்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று எவரும் மடக்கலாம். தமிழில் அது எடுபடாது. நம் 'ப' சதுரம், 'கீ'க்குத் தலையில் சுழி. இருந்தும் பூபா உருண்டை என்றால், வேலை செய்வது காதும் வாயும், எழுத்து அல்ல. 2022இல் 25 மொழிகளில் 917 பேரிடம் பெரிய அளவில் செய்து பார்த்தார்கள். விளைவு உண்மைதான், ஆனால் 72 சதவீதம்.

95 எங்கே, 72 எங்கே. இவருடைய பல கண்டுபிடிப்புகளுக்கு இதே கதி. எழுத்துக்கு நிறம் தெரிகிறவர்கள் விஷயமும் அப்படித்தான். 5களுக்கு நடுவே ஒளித்து வைத்த 2கள் அவர்களுக்கு நிறமாகப் பளிச்சென்று துள்ளி வரும் என்றார். 2010இல் 36 பேரை வைத்துப் பார்த்தால், மற்றவர்களைவிட அவர்கள் நன்றாகக் கண்டுபிடிக்கிறார்கள், ஆனால் அந்தத் துள்ளல் இல்லை. விஷயம் இருக்கிறது, சொன்ன அளவுக்கு இல்லை. மனப்பிரமை, கற்பனை என்று ஒதுக்கிய ஒன்றை ஆய்வகத்துக்குள் இழுத்துவந்தது மட்டும் அவர் போன்றவர்களால்தான்.

வெள்ளைக்கோட்டு | வியாழன், மதியம் 3.05

இதற்கு அவர் வைத்திருக்கும் பதில் உங்களுக்குத் தெரியும். ஒரு பன்றியைக் கொண்டுவந்து "இது பேசும்" என்கிறேன், அது பேசியும் விடுகிறது. "ஒரு பன்றிதானே, இன்னும் பத்துப் பன்றி காட்டு" என்பீர்களா? ஒற்றை நோயாளி போதும் என்பது அவர் கட்சி. மூளை அறுவைக்குப் பிறகு புது நினைவுகளே தங்காமல் போன ஹெச்.எம். என்ற ஒரே நோயாளியை வைத்துத்தானே பிரெண்டா மில்னர் 1957இல் நினைவாற்றல் ஆய்வையே புரட்டிப்போட்டார்?

ஆய்வகஎலி | வியாழன், மதியம் 3.26

பன்றி மற்றவர்கள் அறையில் இருக்கும்போதும் பேசவேண்டும் சார். ஹெச்.எம். பேசினார். பல பத்தாண்டுகள், பல ஆய்வாளர்கள் முன்னால். ராமச்சந்திரனின் பன்றிகளில் சில பேசின, சில உறுமின.

சந்தேகப்பிராணி | வியாழன், இரவு 9.44

ஒரு திருத்தம் போட்டுவிட்டுப் போகிறேன். முதல் பதிவில் 'கண்ணாடி மட்டும் அவருடையது' என்று எழுதியதில் அந்த 'மட்டும்' கொஞ்சம் அலட்சியமாக வந்துவிட்டது. வன்னிமரம் எழுதியதைப் படித்த பிறகு அது உறுத்துகிறது. கண்ணாடி நியூரான் பற்றிச் சொன்னதில் ஒரு எழுத்தும் மாற்றமில்லை.

வேடிக்கை என்னவென்றால், மேக்கின் குழு சொல்வது சரியென்றால் கண்ணாடி ஏன் வேலை செய்கிறது என்பதற்கு அவர் தந்த விளக்கத்தில் பாதி போய்விடும். வேலை செய்கிற இடத்தில் அது பாட்டுக்கு வேலை செய்யும்.

மொட்டைமாடிக்காரன் | வெள்ளி, இரவு 10.20

எல்லோருக்கும் நன்றி. கேள்வி கேட்டவன் பதில் சொல்லாமல் ஓடிவிட்டான் என்று நினைக்கவேண்டாம், இந்த வாரம் முழுக்க மருத்துவமனை, அளவெடுப்பு என்று அலைச்சல்.

அப்பாவிடம் இந்த இழையை வாசித்துக் காட்டினேன். விரல்கள் தோளிலிருந்து தொங்கின என்ற இடத்தில் சிரித்தார். பிறகு, "எனக்கும் கால் கொஞ்சம் குட்டையாத்தான் ஆயிருக்கு, சொன்னா நீங்க நம்பமாட்டீங்கன்னு சொல்லல" என்றார். பெருவிரல் முறுக்கு முழுக்கப் போகவில்லை. நேற்று மூன்று மணிவரை தூங்கினார். அதற்கு முன் ஒரு மணிதான் கணக்கு.

பிசியோ அக்காவுக்கு ஒரு கேள்வி. பீரோ கண்ணாடி கனமாக இருக்கிறது, தினமும் கழற்றி மாட்ட முடியவில்லை. அம்மா வேறு புடவை கட்டிக் கண்ணாடி பார்க்க முடியாமல் முணுமுணுக்கிறார். தனியாக வாங்கினால் என்ன அளவு?

பிசியோ_பெட்டி | வெள்ளி, இரவு 10.41

நாலடிக்கு ஒன்றரை அடி போதும். கண்ணாடிக் கடையில் சொல்லி ஓரத்தைத் தேய்த்து, சுற்றிலும் டேப் ஒட்டி வாங்குங்கள். சர்க்கரைக்காரருக்கு இருக்கிற ஒரு காலில் கீறல் விழக்கூடாது. பயிற்சி முடிந்ததும் அந்தப் பாதத்தை அடிப்பக்கம்வரை தினமும் ஒருமுறை பாருங்கள், அதற்கும் அதே கண்ணாடி உதவும். பழையதை அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள்.